விரித்தால் விரிந்து நிற்கும் புத்தகம்

கடைக்கு வராமல், ஒரு குடும்பமோ கோயிலோ கல்லூரியோ தன் தேவைக்கென்றே அச்சிட்டுக்கொள்ளும் நூல்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மணிவிழா மலர், குடமுழுக்கு மலர், பள்ளியின் பவள விழா மலர், மறைந்தவருக்கான நினைவு மலர், சொந்தச் செலவில் வரும் முதல் கவிதைத் தொகுப்பு எல்லாம் இந்த வகைதான். பதிப்பாளர் என்று தனியே ஒருவர் இல்லாததால் தாள், அச்சு, பைண்டிங் பற்றிய முடிவுகளை வெளியிடுபவரே எடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அட்டையின் பளபளப்புதான் முதலில் முடிவாகிறது. பைண்டிங்கைப் பற்றிய பேச்சு கடைசியில், மீந்த பணத்துக்குத் தக்கபடி வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நூல் எப்படித் திறக்கும், யார் கையில் எத்தனை ஆண்டு புழங்கும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே அமைந்துவிடும்.

அளவு, தாளிலிருந்து பிறக்கிறது. தமிழ்ப் பதிப்புலகின் இரண்டு பழகிய அளவுகள் கிரவுனும் டெமியும். டபுள் கிரவுன் தாள் 20×30 அங்குலம். அதைப் பதினாறாக மடித்தால் 5×7½ அங்குலத்தில் கிரவுன் 1/8 கிடைக்கும். டபுள் டெமி 23×36 அங்குலம். மடித்து ஓரம் வெட்டிய பின் 5½×8½ அங்குலம். கவிதைக்கும் குறுநாவலுக்கும் கிரவுன் போல் கைக்கு அடங்கும் அளவு வேறில்லை. கட்டுரைத் தொகுப்புக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் டெமி பொருந்தும். படம் மிகுந்த மலருக்கு கிரவுன் 1/4 அல்லது ஏ4. சதுர நூல் பார்வைக்கு அழகுதான். ஆனால் 8 அங்குலச் சதுரத்தை டபுள் டெமியில் வெட்டினால் தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவுக்குப் போகும். அந்தச் செலவு நியாயமா என்பதை உள்ளே வரும் படங்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய தமிழ் நூல்களின் உரிமைப் பக்கத்தில் ‘18.6 கிலோ மேப்லித்தோ’ என்ற குறிப்பைப் பலர் பார்த்திருப்பார்கள். மேப்லித்தோ என்பது பூச்சில்லாத அச்சுத்தாள். 500 தாள் கொண்ட ஒரு ரீம் டபுள் டெமியின் எடை அது. இன்றைய கணக்கில் 70 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம். அதே தரம் டபுள் கிரவுனில் 13.6 கிலோ. உரைநடை நூலுக்கு இந்த எடை போதும். 60 ஜி.எஸ்.எம்.முக்கு இறங்கினால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடும். சுழிகளும் வளைவுகளும் நெருங்கி நிற்கும் தமிழ் எழுத்துக்கு இந்த நிழல் பெரிய இடைஞ்சல். நிறத்தில் வெள்ளை வெளேரென்ற தாளைவிட, அச்சகங்களில் நேச்சுரல் ஷேட் எனப்படும் இளம் பழுப்பே வாசிப்புக்கு உகந்தது. குழல்விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் படிப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள், காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளில் கண்ணுக்கு இதமான உரைநடை நூல்கள் எத்தனையோ வந்திருக்கின்றன.

மலர் என்றாலே முழுக்க ஆர்ட் பேப்பர் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஏ4 அளவில் 200 பக்க மலர் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் வந்தால் உள்தாள் மட்டுமே 800 கிராம் தாண்டும், 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் அரைக் கிலோதான். எடை கூடினால் பைண்டிங் தளரும், தபால் செலவு ஏறும், பாட்டியின் மடியில் நூல் தங்காது. களிமண் பூச்சுள்ள தாள் விளக்கொளியை எதிரடிப்பதால் உரைநடைக்கு அது ஒத்துவராது. உரையை மேப்லித்தோவில் அச்சிட்டு, பழைய புகைப்படங்களை மட்டும் 8 அல்லது 16 பக்க ஆர்ட் பேப்பராகத் திரட்டி இடையில் சேர்ப்பது பழைய வாழ்க்கை வரலாற்று நூல்களின் முறை. இன்றும் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

தாளைப் பற்றிப் பேசும்போது பலரும் கேட்க மறப்பது நார் ஓடும் திசையை. ஆலையில் தாள் ஓடிவரும் திசையிலேயே அதன் நார்களும் படிகின்றன. அந்தத் திசை நூலின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் பக்கங்கள் விறைத்து நிற்கும், புரட்டியதும் திரும்பி வரும். பசையின் ஈரம் ஏறியதும் முதுகோரம் அலை அலையாக நெளியும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு தாளை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கிழித்தால் நார்வாக்கில் கிழிசல் நேராகப் போகும், குறுக்கே கோணல் மாணலாக ஓடும். துண்டுத் தாளின் ஒரு பக்கத்தை நனைத்தால் அது நாருக்கு இணையான அச்சில் சுருளும். நல்ல தாள், நல்ல அச்சு எல்லாம் அமைந்தும் ஒரு நூல் கையில் முரண்டுபிடித்தால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரே கவனக்குறைவுதான்.

எழுத்தின் அளவுக்கும் தாளுக்கும் உள்ள உறவு தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். இன்றைய வழக்கில் ஒரே ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு பெரிய நூல் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்பதால் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். அதன் பிறகே 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இப்போது சிக்கல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது: பக்கத்தைக் குறைக்க எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்கிவிடுகிறார்கள். மை சற்றே பரவும் மேப்லித்தோவில் ஞ, ஐ, ஷ போன்ற எழுத்துகளின் கண் அடைத்துப்போகும். 11 புள்ளி, வரிக்கு வரி தாராள இடைவெளி, முதுகோரம் கட்டைவிரல் அகல வெற்றிடம் இவை மூன்றும் இருந்தால் எளிய தாளில்கூட நூல் கண்ணியமாகத் தெரியும். இதற்கு மாதிரி தேடுபவர்கள் 1960களின் வாசகர் வட்ட வெளியீடுகளையும், 1974இல் தொடங்கிய க்ரியாவின் பழைய பதிப்புகளையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். பக்கத்தில் எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதில் அவற்றுக்கு இருந்த தெளிவு அரிது.

அச்சு முறையைத் தீர்மானிப்பது பிரதிகளின் எண்ணிக்கை. ஆஃப்செட்டில் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் வேண்டும். ஒரு பிளேட்டில் 8 பக்கம் ஏறும் இயந்திரத்தில் 160 பக்கக் கறுப்பு வெள்ளை நூலுக்கு 20 பிளேட். அதுவே நான்கு நிறமானால் 80. இந்தச் செலவு 100 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான். எனவே பொதுவாக 300 பிரதிக்குக் கீழ் டிஜிட்டல் அச்சும் அதற்கு மேல் ஆஃப்செட்டும் கட்டுப்படியாகும். தரத்திலும் வேறுபாடு உண்டு. ஆஃப்செட் மை தாளுக்குள் இறங்கி அதன் பகுதியாகிவிடுகிறது. டிஜிட்டல் டோனர் மேலே படிந்து, சாய்த்துப் பார்த்தால் லேசாக மினுங்குகிறது, மடிப்பில் வெடிக்கிறது. ஐம்பது பேருக்கு மட்டும் போகும் குடும்ப வரலாற்றுக்கு டிஜிட்டலே அறிவான தேர்வு. மேப்லித்தோவிலும் மேட் பரப்பிலும் அந்த மினுக்கம் அவ்வளவாக உறுத்தாது.

நிறத்தில் ஒரு கட்டாயம் உண்டு. சிறிய எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாக வேண்டும். கணினியில் கறுப்பாகத் தெரிவது நான்கு மைகளின் கலவையாக இருந்துவிட்டால், பிளேட் மயிரிழை விலகினாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் நிறநிறமாய் நிழல் விழும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கும் இதே ஆபத்துதான். படங்கள் அச்சிடும் அளவிலேயே 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும். கைப்பேசியில் பகிர்ந்து பகிர்ந்து நைந்த படத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்குவதைவிட, நான்கில் ஒரு பக்கத்தில் துலக்கமாக வைப்பது அந்தப் படத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

இயந்திர அச்சுக்கு வெளியே ஸ்கிரீன் பிரிண்டிங் இருக்கிறது. அதன் உச்சத்தைக் காண சென்னை தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைப் புரட்டினால் போதும். கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரின் மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே அச்சானவை. பக்கத்தில் விரலை ஓட்டினால் மையின் மேடு தட்டுப்படும். தாளின் சொரசொரப்பு கிளையோடு சேர்ந்தே கண்ணில் படும். கறுப்புத் தாளில் வெளிர்நிறத்தை இவ்வளவு திடமாக நிறுத்துவது சாதாரண ஆஃப்செட் மையால் ஆகாத காரியம். நூறு பிரதி மட்டும் போதும் என்ற நூலுக்கு அட்டையை மட்டுமாவது இந்த முறையில் செய்துகொள்ளலாம், செலவு தாங்கும்.

இனி பைண்டிங். இன்று மிகுதியாக நடப்பது பெர்ஃபெக்ட் பைண்டிங் எனப்படும் ஒட்டு முறை. அடுக்கிய ஃபாரங்களின் முதுகை இயந்திரம் ஓரிரு மில்லிமீட்டர் சீவிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி அட்டையை அழுத்துகிறது. ஒவ்வொரு தாளும் தனித்தாளாகி, பசையின் பிடியில் மட்டும் நிற்கிறது. விரைவும் விலையும் இதன் பலம். பலமுறை அகலத் திறந்தால் முதுகு வெடிப்பதும் நடுப்பக்கம் கழன்று வருவதும் பலவீனம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் சாதாரணப் பசை இளகிவிடும். பி.யூ.ஆர். பசை இவற்றுக்கு நல்ல மாற்று. காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும், இறுகியபின் வெப்பத்தில் இளகாது, ஆர்ட் பேப்பரையும் விடாமல் பிடிக்கும். கூடுதல் செலவுக்கு முழுப் பயன் தரும் சில தேர்வுகளில் இது ஒன்று.

ஆனால் பைண்டிங்கின் அழகு முழுமையாக இருப்பது செக்‌ஷன் தையலில். பதினாறு பக்கம் மடித்த ஒரு ஃபாரத்தின் மடிப்பு நடுவில் ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நூல் முந்தைய ஃபாரத்தோடு முடிச்சிட்டுக்கொள்கிறது. அடுத்த ஃபாரம் அதன்மேல் அமர்கிறது. தைத்து முடித்த கட்டை மேலிருந்து பார்த்தால் ஃபாரங்களின் மடிப்புகள் வரிசையாய் அடுக்கிய மல்லிகை மொட்டுகள் போலத் தெரியும். முதுகில் துணியும் பசையும் ஏறும். அதன்பின் நூலை எந்த இடத்தில் திறந்தாலும் பக்கங்கள் மேசையில் படிந்து கிடக்கும். கைவைத்து அழுத்த வேண்டியதில்லை. பாராயண நூல், சமையல் நூல், இசைக் குறிப்பு நூல், அகராதி ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு பைண்டிங்கைப் பரிந்துரைக்க முடியாது. ஒரு நூல் தைத்ததா ஒட்டியதா என்பதை அறிய, அதன் தலைப்பக்க ஓரத்தைப் பார்க்கலாம்: தைத்ததில் சிறு சிறு மடிப்பு வளைவுகள் தெரியும், ஒட்டியதில் நேர்கோடாய்த் தாள்கள் மட்டுமே. முதுகைச் சீவி ஒட்டிவிட்டு, அதன்மேல் கெட்டி அட்டை போட்டு, தலையில் வண்ணப் பட்டையும் ஒட்டிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி. ஐந்தாண்டுப் புழக்கத்தில் சாயம் வெளுக்கும். மதிப்பீட்டில் ‘ஹார்ட் பைண்டிங்’ என்று மட்டும் இருந்தால் உள்ளே தையல் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குவது அவசியம்.

பக்கம் குறைந்த நூலுக்குச் சென்டர் பின் போதும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும்; 64 பக்கத்தைத் தாண்டினால் வாய் பிளக்கும், நடுத்தாள்கள் வெளியே தள்ளி, வெட்டும்போது ஓரம் குறுகும். சைடு பின் உறுதியானது, ஆனால் நூலை விரியவே விடாது. ஸ்பைரலும் வயரோவும் பயிற்சிக் கையேடுகளுக்கு ஏற்றவை. முதுகில் பெயர் எழுத இடமில்லாததால் அலமாரியில் அவை தொலைந்துபோகும்.

அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு வழக்கம். மேட் லேமினேஷன் கைக்கு இதம். ஆனால் கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத்தில் விரல்ரேகையும் கீறலும் பளிச்சென்று பதியும். ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டிய அட்டை, மழைக்காலத்தில் மறுபக்கம் ஈரம் வாங்கி மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். அட்டையின் நார் முதுகுக்கு இணையாக இருந்தால் சுருளல் குறையும். ஃபாயில், எம்பாசிங், ஸ்பாட் யூ.வி. மூன்றில் ஒன்று போதும். காலிகோ துணி போர்த்திய கெட்டி அட்டையில் முதுகில் மட்டும் பொன்னிற ஃபாயிலில் பெயர் பொறிப்பது இன்றும் எந்த வண்ண அட்டையையும் தோற்கடிக்கும்.

மடிப்பிதழ்களுக்கு, அதாவது புரோஷர்களுக்கு, மடிப்பே பைண்டிங். ஏ4 தாளை மூன்றாக மடிக்கும்போது உள்ளே புகும் பகுதி 97 மில்லிமீட்டர், மற்றவை நூறு நூறு என்று சற்றுக் குறைத்து வைத்தால்தான் தாள் நெளியாமல் படியும். 170 ஜி.எஸ்.எம்.முக்கு மேல், மடிப்புக்கோட்டை முன்கூட்டியே அழுத்திப் பதிக்கும் கிரீசிங் போடாமல் மடித்தால் மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். நெடிய சொற்கள் கொண்ட தமிழை அந்தக் குறுகிய பத்தியில் இருபுறமும் நேராக்கினால் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். வலது ஓரத்தைச் சீரற்று விடுவதே அழகு.

அச்சுக்குப் போகும் முன், அதே தாளில் அதே பக்க எண்ணிக்கையில் அச்சில்லாத டம்மி ஒன்றைக் கட்டித் தரச் சொல்ல வேண்டும். எடை, விரியும் விதம், முதுகின் பருமன் எல்லாம் அதில் தெரிந்துவிடும். 70 ஜி.எஸ்.எம்.மில் 240 பக்க நூலின் முதுகு சுமார் 11, 12 மில்லிமீட்டர். அட்டை வடிவமைப்பாளருக்கு அளந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், ஊகத்தை அல்ல. கெட்டி அட்டை நூல்கள் பசை காயும்வரை பளுவின் கீழ் இருந்தாக வேண்டும் என்பதால், விழா நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தை பைண்டருக்கென்று ஒதுக்குவது நல்லது. எல்லாப் பிரதியும் உடனே தேவைப்படாவிட்டால், ஒரு பகுதியை மட்டும் கட்டிவிட்டு, மீதி ஃபாரங்களை மடித்து ஈரமும் பூச்சியும் அண்டாமல் கட்டிவைக்கலாம். ஆனால் அட்டையை முழு எண்ணிக்கைக்கும் முதலிலேயே அச்சிட்டுவிட வேண்டும். பிறகு அச்சிடும் அட்டையின் நிறம் முதல் அட்டையோடு அப்படியே ஒத்துவருவது அபூர்வம்.