நிற்பதும் கிடப்பதும்

ஒரு காரியத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறோம் என்று சொல்வதற்கு எந்தப் பாஷையிலும் வழக்குத் தொடர்கள் உண்டு. அவற்றுள் நம் நாட்டில் பெருவழக்காயுள்ள ஆங்கிலத் தொடர் ஒன்றை இங்கு ஆராயப் புகுகின்றோம். பினாங்கிலாயினும் சிங்கப்பூரிலாயினும் ஆபீசு வாசலை மிதித்தவர் 'கே.ஐ.வி.' என்னும் மூன்றெழுத்தை அறியாதிருக்க மாட்டார். 'கீப் இன் வியூ' என்பதன் சுருக்கம் அது. பார்வையில் வைத்திருக்க என்பது அதன் சொற்பொருள்; இப்பொழுது முடிவு செய்வதற்கில்லை, பிறகு பார்ப்போம் என்பது வழக்குப் பொருள். இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் எத்தனை விண்ணப்பங்கள் விழுந்து மறைந்தன என்பதை எம் போன்ற கிராணிமார் அறிவர்.

ஆங்கிலம் பேசுவோர்க்குள்ளேயே இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. 'டேபிள்' என்னும் சொல்லை வினையாக்கினால், ஒன்றை உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது என்று இங்கிலாந்தில் பொருள். அதனையே ஒதுக்கி மறந்துவிடுவது என்று அமெரிக்காவில் பொருள். இரண்டாம் உலக யுத்தத்தில் இரு நாட்டுப் படைத்தலைமையினரும் இச்சொல்லை வைத்து நெடுநேரம் வாதிட்டு, முடிவில் இரு திறத்தாரும் ஒன்றையே விரும்பினர் எனக் கண்டதாகச் சர்ச்சில் 1950இல் வெளிவந்த தம் யுத்த சரித்திரப் பாகத்தில் எழுதியிருக்கிறார். சமபலம் உடையோர் ஆதலின் அவர்கள் வாதிட்டுத் தெளிந்தனர். பலமில்லாதவர் கையில் அகப்படும் சொல்லோ தெளிவுறாமலே போகும்.

இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஒரு தோட்டத்து லயத்தில் குடிநீர்க் குழாய் பழுதுற்றது. பன்னிரண்டு குடும்பத்தார் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தனர். மனுவின் ஓரத்தில் அம்மூன்றெழுத்தும் பொறிக்கப்பெற்றுத் திரும்பியது. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற பெருமையோடு, "உங்கள் மனு மேலிடத்தார் பார்வையில் இருக்கிறது" என்று நாமே தமிழ் சொல்லி அனுப்பினோம். அவர்கள் முகமலர்ந்து சென்றனர். ஐந்து மாதங்கள் கழிந்தன. குழாய் அப்படியே கிடந்தது. ஒரு நாள் மூதாட்டி ஒருத்தி ஆபீசுப் படியில் நின்று, "பார்வையில இருக்குன்னு சொன்னீங்களே ஐயா, யாரு பார்வையில?" என்று கேட்டாள். எமக்கு விடை தோன்றவில்லை. மேலிடம் எழுதியது மழுப்பல். அதனை வாக்குறுதியாக மாற்றியது எம் மொழிபெயர்ப்பு.

அன்று தொட்டு, ஒதுக்கி வைத்தலைத் தமிழ் எங்ஙனம் சொல்கிறது என்று எண்ணலானோம். நம் பெரியோர் கடிதத்தில் நலம் விசாரித்து முடித்ததும் 'நிற்க' என்றெழுதி விஷயத்தைத் தொடங்குவர். நின்ற பொருள் மீண்டும் நடக்க ஆயத்தமாயிருக்கிறது. 'அது ஒருபுறம் இருக்க' என்பர். அப்பொருள் சற்றே அமர்ந்திருக்கிறது. அழைத்தால் எழுந்து வரும். 'அது கிடக்கட்டும்' என்பர். அது படுத்துவிட்டது, யாரேனும் தூக்கினாலன்றி எழாது. 'கிடப்பில் போட்டார்கள்' என்று பாமரரும் சொல்வது இதனையே. நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் மூன்று நிலைகளில் ஒதுக்கலின் அளவை நம் மொழி காட்டிவிடுகிறது. அடுக்களையிலும் இப்படியே. கொடியடுப்பில் ஏற்றிய குழம்புக்குப் பெரிய அடுப்பின் அனல் போய்க்கொண்டிருக்கும். அது மெல்ல வேகும். பரணில் ஏற்றிய பானைக்கு அனல் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென எந்தப் பெண்மணியும் மயங்க மாட்டாள்.

இத்துணைச் செல்வம் இருக்க, நம் பத்திரிகைகளும் சங்க அறிக்கைகளும் 'பார்வையில் வைக்கப்படும்', 'கவனத்தில் கொள்ளப்படும்' என்று எழுதுவானேன்? அது மரியாதையான நடை என்பார் சிலர். மரியாதை வேண்டுவதே. ஆயினும் கேட்பவனைக் காத்திருக்கச் செய்து ஏமாற்றும் மரியாதையால் அவனுக்கு என்ன பயன்? பிறமொழிக் கலப்பைக் கண்டு நாம் அஞ்சுவதாகவும் எவரும் கருத வேண்டா. மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. நம் மலாய் அண்டை வீட்டாரும் 'மேஜா' என்றும் 'அல்மாரி' என்றும் வழங்குகின்றனர். அவை பொருளோடு வந்தன, ஆதலின் தங்கின. 'கே.ஐ.வி.' என்பதைத் தமிழாக்கிய தொடரோ மூலத்தின் வழக்குப் பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் சுமந்து வந்தது.

ஆகவே, மொழிபெயர்க்கும் அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே. ஒரு விண்ணப்பம் நிற்கிறதா, இருக்கிறதா, கிடக்கிறதா என்று முதலில் எழுதியவரைக் கேளுங்கள். நிற்கிறது என்பாராயின், எந்த நாள் வரையில் என்றும் கேட்டு அந்நாளையும் சேர்த்து எழுதுங்கள். கிடக்கிறது என்பாராயின் கிடப்பில் போடப்பட்டது என்றே எழுதிவிடுங்கள். அதனைப் படிக்கும் தொழிலாளி கோபங் கொள்வான்; மறுநாளே சங்கத்தாரிடம் சென்று வேறு வழி தேடுவான். இனிய பொய்யைக் கேட்டு ஐந்து மாதம் குடத்தோடு அடுத்த லயத்துக்கு நடந்ததை விட அது நன்று.

அம்மூதாட்டிக்கு நாம் பின்னர் உண்மையைச் சொன்னோம். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள்.