பழந்துப்பாக்கிகளைப் பேசும் கலை

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் தமக்குள் அன்றாடம் பேசிக்கொள்ளும் பேச்சு, புதிதாகக் கேட்பவர் காதுக்கு ஆண்டுகளும் வரிசை எண்களும் கூரியர் விதிகளும் மான்வேட்டைச் செய்திகளும் முறையின்றிக் கலந்த ஒன்றாகவே படும். ஆனால் சிறிது காலம் செவிமடுத்தால் அதற்குள் ஓர் ஒழுங்கும், அந்த ஒழுங்குக்குள் ஒரு சுவையும் இருப்பது புலப்படும். அந்நாட்டு அரசியல் மேடைகளில் துப்பாக்கியை முன்வைத்து எழும் கூச்சல் வேறு. கண்காட்சி மேசையின் இருபுறமும் நின்றோ, கடையின் கண்ணாடிப் பேழைமேல் முழங்கையை ஊன்றியோ, வேட்டைக் குடிலின் அடுப்பருகே அமர்ந்தோ இரண்டு சேகரிப்பாளர்கள் பேசுவது வேறு. அங்கே உரத்த கருத்துக்கு அதிக மதிப்பில்லை, சரியான விவரத்துக்கே மதிப்பு. ஒரு பொருளின்மேல் கொண்ட பற்று, அதைப் பற்றிப் பிழைபடப் பேசிவிடக் கூடாதே என்ற கவலையாக உருமாறி நிற்பதுதான் இப்பேச்சின் தனியழகு.

சொற்களுக்கு முன்னால் கைகள் பேசுகின்றன. துப்பாக்கியைக் கொடுப்பவர் முதலில் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளைத் தண்டை, பின்னுக்கு இழுத்து அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, திறந்த நிலையிலேயே நீட்டுகிறார்; வாங்குபவர் அதைத் தம் கண்ணால் கண்டிருந்தும் தாமும் ஒருமுறை பார்க்கிறார். இதை அவநம்பிக்கையாக எவரும் கொள்வதில்லை. பாராமல் வாங்குபவரே தாழ்வாக எண்ணப்படுவார். வெற்றறையில் விசையை இழுத்துப் பார்க்க வேண்டுமானால் உடைமையாளரின் இசைவைக் கேட்பதும், விரலின் ஈரம் இரும்பில் துருவாகப் படியாதிருக்க எண்ணெய்த் துணியால் துடைத்துத் திருப்பித் தருவதும் இம்மரபில் எழுதப்படாத சட்டங்கள்.

அதன்பின் தொடங்குவது வாசிப்பு. 1891-இல் ரஷ்யப் பேரரசு ஏற்றுக்கொண்ட மோசின் நாகான்ட், குழலின் உட்சுவரில் சுருள்வரிகள் வெட்டப்பட்ட ரைஃபிள் வகையைச் சேர்ந்தது; கோடிக்கணக்கில் செய்யப்பட்டுப் பின்னாளில் மிக மலிவாக அமெரிக்கச் சந்தையில் குவிந்தமையால், பலருக்கு இதுவே முதற்பாடமாக அமைந்தது. அம்பு பொறித்த விண்மீன் குழலின் பின்பகுதியில் இருந்தால் அது தூலா ஆலையில் பிறந்தது. அம்பு பொறித்த முக்கோணம் இருந்தால் இஷெவ்ஸ்க். சதுரக் கட்டத்துக்குள் எஸ், ஏ என்ற இரண்டெழுத்து காணப்பட்டால் அது ஃபின்லாந்துப் படையின் உடைமையாக இருந்தது என்று பொருள். போல்ட், தோட்டாப்பெட்டியின் அடித்தகடு, கட்டையின் முடிவில் தோளில் பதியும் இரும்புத்தகடு, குழல் ஆகிய நான்கிலும் ஒரே வரிசை எண் இருந்தால் அது ‘எண் பொருந்திய’ துப்பாக்கி எனப்படும். ஆனால் பொருத்தத்திலும் வகையுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பட்டறைகள் லட்சக்கணக்கான ரைஃபிள்களைப் பிரித்து, பழுதுபார்த்து, கைக்குக் கிடைத்த உறுப்புகளைச் சேர்த்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்து, பாதுகாப்புக்காகக் காஸ்மோலின் என்னும் தடித்த மசகில் தோய்த்துக் கிடங்கில் அடுக்கின. அவ்வாறு வலிந்து பொருத்திய எண்ணையும் ஆலையிலேயே இட்ட எண்ணையும் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு பிரித்தறிவது, ஆலாபனையின் முதல் சில பிடிகளிலேயே பாடகரின் குருபரம்பரையைச் சொல்லிவிடும் கச்சேரி ரசிகரின் காதுக்கு ஒப்பான தேர்ச்சி. அது நூல்களால் மட்டும் வருவதில்லை. பலநூறு துப்பாக்கிகளைக் கையிலெடுத்துப் பார்த்த ஒருவர் அருகிலிருந்து சுட்டிக்காட்ட வேண்டும், சுட்டிக்காட்டுவதற்குப் பேச்சு வேண்டும்.

இந்த வாசிப்பில் கதைகளுக்கு எப்போதும் இரண்டாம் இடமே. துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே என்பது இவர்களிடையே பழமொழியாக வழங்கும் எச்சரிக்கை. ஜப்பானின் அரிசாகா ரைஃபிள்களில், குழலைத் தாங்கும் உடற்பகுதியின் உச்சியில், பேரரசரின் சின்னமான பதினாறு இதழ்ச் செவ்வந்தி பொறிக்கப்பட்டிருந்தது. போர் முடிவில் ஒப்படைக்கப்பட்டவற்றில் அது பெரும்பாலும் அராவி அழிக்கப்பட்டது. சின்னம் முழுமையாக நிற்கும் ஒன்றைக் கண்டதும் போர்க்களத்தில் கைப்பற்றியதாகத்தான் இருக்கும் என்று விற்பவர் மகிழ்ச்சியோடு சொல்லுவார். கேட்பவரோ, படைவீரர் அதை நாட்டுக்குக் கொண்டுவர அதிகாரி கையொப்பமிட்டுத் தந்த தாள் உண்டா என்று மென்மையாகக் கேட்பார். தாள் இருந்தால் கதை வரலாறாகிறது. இல்லையென்றால் கதை கதையாகவே மரியாதையுடன் ஒதுக்கப்படுகிறது. ஒருவர் தம் தாத்தாவைப் பற்றிச் சொல்வதை மறுக்காமலும் ஏற்காமலும் பேச்சை நகர்த்தும் இந்த நாகரிகம் எளிதில் கைவருவதன்று.

இந்தியாவின் பெயரும் இப்பேச்சில் அடிக்கடி வரும். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ஆலை பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களைச் செய்தது. முன்கட்டை பிளவாதிருக்க அதன் குறுக்கே செலுத்தப்பட்ட ஒரு திருகாணியைக் கண்டதும், இது இந்தியாவில் பணிபுரிந்தது என்று டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ உள்ள சேகரிப்பாளர் சொல்லிவிடுவார். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அதே ஆலை அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது. அதில் கடைகளில் விற்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடலாமா என்பது ஓயாத விவாதம். அளவில் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும் இரண்டின் அழுத்த வரம்புகள் ஒன்றாக அளவிடப்பட்டவையல்ல என்பதால், விவரம் அறிந்தவர்கள் அங்கே குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுகிறார்கள்.

மேற்பரப்பைப் பற்றிய பேச்சே ரசனையின் உச்சம் எனலாம். எஃகின்மேல் கட்டுப்படுத்திய துருவை வளர்த்து, கொதிநீரில் கருக்கி, கம்பித்தூரிகையால் தேய்த்து, இதையே பலநாள் திரும்பத் திரும்பச் செய்து பெறும் கருநீல நிறம் ஒருவகை. காரவுப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் எஃகை மூழ்கவிட்டு ஒரே அமர்வில் பெறும் நீலம் மற்றொரு வகை. முன்னதன் ஆழம் பின்னதற்கு இல்லை. ஆயினும் எந்த நீலமும் நூறாண்டுக் கைப்பிடியில் தேய்ந்து பழுப்பாகும்போது, அத்தேய்மானத்தைச் சேகரிப்பாளர் குறையாகக் கருதுவதில்லை; தோளில் தூக்கிய இடத்திலும் உறையில் உரசிய முனையிலும் தேய்ந்திருந்தால் அது நேர்மையான தேய்மானம். தேயக்கூடாத இடத்தில் தேய்ந்து, தேயவேண்டிய இடத்தில் பளபளத்தால், யாரோ மறுமெருகு ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பொருள் ஒரே ஒருமுறைதான் அசலாக இருக்கமுடியும் என்பதால் பழைய மெருகை அழிப்பவரை இவர்கள் மன்னிப்பதில்லை. போருக்குப் பின் சில டாலர்களுக்குக் கிடைத்த ராணுவ ரைஃபிள்களின் கட்டையை அறுத்தும் குழலைக் குறைத்தும் வேட்டைத் துப்பாக்கியாக்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு அன்று அது வீட்டுக்கு இறைச்சி சேர்க்கும் கருவி. இன்று அதைப் பார்த்துப் பெருமூச்சுவிடுவோர் அந்த ஏழ்மையையும் எண்ணிப் பார்த்தால் நன்று. நல்ல சேகரிப்பாளர்கள் எண்ணிப் பார்க்கவும் செய்கிறார்கள்.

வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 பற்றிய நெடுநாள் பேச்சு இந்த ரசனைக்குச் சிறந்த சான்று. 1936-இல் வெளிவந்த இந்த வேட்டை ரைஃபிளில், ஜெர்மானிய மவுசரின் வழியில், நீண்ட எஃகு நகம் ஒன்று தோட்டாவைப் பெட்டியிலிருந்து எழும் கணத்திலேயே பற்றிக்கொண்டு அறைவரை பிடிதளராமல் கொண்டுசெலுத்தும். செலவைக் குறைக்கவேண்டி 1964-இல் நிறுவனம் அந்த நகத்தை நீக்கியது. பிடிப்பகுதியில் கையுளியால் வெட்டிவந்த வைரக்கட்டக் கோடுகளுக்குப் பதிலாகச் சூட்டச்சால் அழுத்திய கோலத்தை வைத்தது. வேட்டைக்காரர்கள் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘அறுபத்து நான்குக்கு முந்தியது’ என்ற ஒற்றைத் தொடர் அன்றிலிருந்து விலையையும் மதிப்பையும் ஒருசேர நிர்ணயிக்கிறது. பிந்தியவையும் நேராகவே சுடுகின்றன என்பது உண்மை. ஆனால் கருவி பயன்படுவதோடு போதுமா, செய்தவரின் கவனத்தையும் அது சுமக்க வேண்டாமா என்ற கேள்வியைப் பட்டறைத் தரையின் மொழியிலேயே எழுப்பும் இவ்விவாதத்தை அழகியல் விவாதம் என்றே கொள்ளவேண்டும்.

அனுப்பும் விதிகளைப் பற்றிய பேச்சு வெளியாருக்குச் சலிப்பூட்டும். உள்ளிருப்போருக்கோ அதுவே பாதி இன்பம். 1927-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் கைத்துப்பாக்கிகளை அஞ்சலில் அனுப்புவதைத் தடுத்தது. நீள்துப்பாக்கிகள் அதன்பின்னும் தடையின்றிப் போய்வந்தன. 1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ரைஃபிள் சிகாகோ கடை ஒன்றிலிருந்து புனைபெயரில் அஞ்சல்வழி வாங்கப்பட்டதே. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டபின், அக்டோபரில் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வழியை அடைத்தது. இன்று மாநில எல்லையைக் கடக்கும் துப்பாக்கி கூட்டரசு உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் சென்றுசேர வேண்டும். வாங்குபவர் அங்கே 4473 என்னும் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி, கைமாற்றுக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்வார். ஐம்பது ஆண்டு கடந்த பழம்பொருட்களைச் சேர்ப்போருக்கு மட்டும் தனி உரிமம் உண்டு. மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் அதைப் பெற்றவர் அத்தகைய துப்பாக்கியைத் தம் வீட்டு வாசலிலேயே வாங்கலாம், ஆனால் வந்ததையும் போனதையும் தைத்த பேரேட்டில் பதிந்துவைக்க வேண்டும்.

இவ்விதிகளுக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவை ஃபின்லாந்தின் எம்-39 ரைஃபிளில் தெளிவாகக் காணலாம். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது ரிசீவர், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுவுடல். 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டிருந்தால் கூட்டரசுச் சட்டம் அதைத் தொல்பொருளாகக் கருதி விலக்களிக்கிறது. ஃபின்லாந்தினர் 1940-களில் புதுக்குழல் பூட்டியபோது மோசின் நாகான்டின் ஜார் காலத்து ரிசீவர்களையே எடுத்தாண்டார்கள். ஆகவே குழலில் போர்க்கால ஆண்டு பொறித்த ரைஃபிளைக் கட்டையிலிருந்து கழற்றி, ரிசீவர் வாலின் அடியில் மறைந்துள்ள ஆண்டைப் பார்த்து, அது 1898 ஆகவோ அதற்கு முந்தைய ஆண்டாகவோ இருந்துவிட்டால், சட்டப்படி அதன் பயணமே மாறிவிடுகிறது. ஆண்டு என்ன, கழற்றிப் பார்த்தீர்களா, எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று அடுக்கடுக்காக வரும் கேள்விகளில் வரலாற்றறிவும் சட்டக்கவலையும் ஒரே மூச்சில் வெளிப்படுகின்றன.

கட்டையின் மிக மெலிந்த இடம் ரிசீவருக்குப் பின்னுள்ள மணிக்கட்டுப்பகுதி என்பதாலும், அனுப்பும் வழியில் பெட்டி வீசப்படும்போது முதலில் முறிவது அதுவே என்பதாலும், போல்ட்டைத் தனியாகச் சுற்றிவைக்கும் முறையும், உள்ளே அசைவின்றி நிரப்பும் முறையும் மூத்தவர்களால் பொறுமையோடு கற்பிக்கப்படுகின்றன. பல தனியார் கூரியர்கள் உரிமம் இல்லாதவரிடமிருந்து துப்பாக்கிகளை இப்போது ஏற்பதில்லை என்பதால், பழக்கமான வணிகர் ஒருவரின் நட்பு முன்னிலும் மதிப்பேறியிருக்கிறது.

இவற்றுக்கிடையே வாழ்க்கை இயல்பாக நுழைகிறது. பென்சில்வேனியாவில் நெடுங்காலம் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்களன்று மான்வேட்டைப் பருவம் தொடங்கியது, பல பள்ளிகள் அன்று விடுமுறை விட்டன; 2019-இல் அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டபோது எழுந்த பேச்சு, ஒரு திருவிழாவின் நாளை மாற்றியதற்கு எழும் பேச்சாகவே இருந்தது. தந்தை இறந்தபின் வேறு மாநிலத்திலிருந்து அவருடைய ரைஃபிளை எடுத்துவர வழியுண்டா என்று ஒருவர் கேட்டால், வாரிசுரிமையாக வரும் துப்பாக்கிக்கு அந்த மாநில எல்லைத் தடையிலிருந்து விலக்குண்டு என்ற விதியை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் தந்தையைப் பற்றி விசாரிக்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு கனிவு இருக்கிறது. துக்கத்திலிருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது உறுதியான தரை.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதை இவர்கள் அறிவார்கள். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுநல ஊழியர்களும் சேர்ந்து, மனமுடைந்த நண்பரின் துப்பாக்கிகளைச் சிலகாலம் வேறிடத்தில் வைக்கச் சொல்லும் சுவரொட்டிகளைக் கடைகளிலேயே ஒட்டினார்கள். அப்படி வேறிடத்தில் வைப்பது கைமாற்றமாகக் கொள்ளப்படுமா என்ற கேள்வி அங்கும் எழும். எல்லாக் கைமாற்றத்துக்கும் சோதனை வேண்டும் என்று 2014-இல் வாக்கெடுப்பால் சட்டமியற்றிய வாஷிங்டன் மாநிலம், உடனடி உயிரிழப்பைத் தடுக்கும் தற்காலிக ஒப்படைப்புக்கு விலக்களித்திருக்கிறது. விதி தெளிவில்லாத இடங்களிலும் சேகரிப்பாளருக்கு ஒரு வழி தெரியும்: சட்டம் துப்பாக்கியாகக் கருதுவது ரிசீவரை மட்டுமே என்பதால், நண்பரின் ரைஃபிள்கள் அவர் வீட்டிலேயே இருக்க, போல்ட்டுகளை மட்டும் கழற்றி ஒரு துணியில் சுற்றித் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.