சங்கிலியின் வாள் எதைக் காத்தது?

யாழ்ப்பாணத்தில் ஒருவனைக் ‘காக்கைவன்னியன்’ என்றால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காட்டிக்கொடுத்தவனுக்கு அதுவே பெயர். அவன் மட்டும் இல்லாதிருந்தால் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி பிடிபட்டிருக்கமாட்டான், தலைநகர் நல்லூர் விழுந்திருக்காது என்று கேட்டே வளர்ந்தோம். இந்தக் கதையில் சங்கிலி ஆண்ட விதத்தைப் பற்றி ஒரு கேள்விகூட எழுவதில்லை. எழவேண்டும் என்பது என் கட்சி.

முதலில், எந்தச் சங்கிலி? 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இரண்டு அரசர்களை ஒருவராக்கிவிட்டது. ஒருவன் 1519 தொடக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட முதலாம் சங்கிலி. மற்றவன் 1617இல் ஆட்சியைப் பறித்து 1619இல் இழந்த சங்கிலி குமாரன். போர்த்துக்கேயர் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் இருவரும் வேறுவேறாகத் தெரிந்தார்கள். ஆகவே நாம் கொண்டாடும் சங்கிலி பாதி வரலாறு, பாதி புனைவு. ஆனாலும் இருவரையும் ஒருவராகப் பார்க்கவைத்த ஒற்றுமை ஒன்று உண்டு: அச்சம் இருந்தால்தான் குடி அடங்கும், போட்டிக்கு ஆள் இல்லாதவன்தான் அரசன் என்று இருவருமே நடந்துகொண்டார்கள்.

முதலாமவனுக்கு நியாயம் செய்தாகவேண்டும். 1530களில் தூத்துக்குடிக் கரையின் பரதவர் ஞானஸ்நானம் பெற்றுப் போர்த்துக்கேயரின் பாதுகாப்புக்குள் போனதை அவன் கண்டிருந்தான். மன்னாரோ முத்து விளையும் கடல். அங்கே மதம் மாறியவர்கள் நாளை வேறோர் அரசனின் குடிகள் ஆவார்கள் என்று அவன் கணித்ததில் பிழையில்லை. பிழை அதற்கு அவன் கண்ட மருந்தில். 1544இல் அவனுடைய படை மன்னாரில் வெட்டிக் கொன்றது ஏறத்தாழ 600 பேரை. அவர்கள் படைவீரர்கள் அல்லர், கடற்றொழில் செய்து பிழைத்த சனங்கள். எந்த அரச தேவையைச் சொன்னாலும் இதை நியாயப்படுத்த முடியாது.

சரி, அறத்தை ஒதுக்கிவைத்து அவனுடைய அளவுகோலாலேயே அளப்போம். மன்னார் கைக்குள் நின்றதா? அந்தக் கொலையையும் ஒரு காரணமாகக் காட்டிக்கொண்டு 1560இல் கோவாவின் போர்த்துக்கேய வைஸ்ராய் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கப்பற்படையோடு வந்தான். நல்லூர் விழுந்தது. சங்கிலி கோப்பாய்க்கும் அங்கிருந்து வன்னிப் பக்கமும் தப்பி ஓடினான். பிறகு ஊர்ச்சனங்கள் கிளர்ந்தெழுந்து நெருக்கியதால் போர்த்துக்கேயப் பறங்கிகள் நல்லூரைக் கைவிட்டார்கள். அந்த எழுச்சியில் சங்கிலிக்கும் பங்குண்டு, அந்தப் பெருமையை மறைக்கக்கூடாது. ஆனால் போனவர்கள் மன்னாரில் கோட்டை கட்டி அங்கேயே இருந்துவிட்டார்கள். இரத்தம் சிந்திக் காத்துக்கொள்ள நினைத்த இடம்தான் முதலில் நிரந்தரமாகப் போனது.

இனி அரண்மனைக்குள் போவோம். வைபவமாலையின்படி பட்டத்துக்குரிய மூத்தவன் நஞ்சுக்குப் பலியாகிறான், அடுத்தவன் வெட்டுண்டு சாகிறான். வைத்தியம் தெரிந்த பரநிருபசிங்கன் கண்டி அரசகுடும்பத்தில் ஒருவருக்கு மருந்து செய்யப் போயிருந்த சமயம் சங்கிலி முடியை எடுத்துக்கொள்கிறான். திரும்பி வந்த அந்தச் சகோதரனின் வயிற்றெரிச்சலில்தான் காக்கைவன்னியனின் சதி முளைக்கிறது. புலவர் இதை ஒளிக்கவில்லை. நாம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் கடைசிக் காட்டிக்கொடுப்பை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

சங்கிலி குமாரனின் கதை இன்னும் தெளிவு. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது முடிக்குரிய மகன் சின்னக் குழந்தை. குழந்தைக்காக ஆண்ட அரசகேசரியையும் மற்ற இளவரசர்களையும் குமாரன் கொன்று தீர்த்தான். இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவர் என்று கருதப்படுகிறவர் இந்த அரசகேசரிதான். அடுத்த ஆண்டே முதலிமார் கலகம் செய்தார்கள். அவர்களில் ஒருவன் மிக்கபிள்ளை ஆராச்சி. சொந்தக் குடியை அடக்கக் குமாரன் தஞ்சாவூர் நாயக்கரிடமிருந்து 5000 பேர் கொண்ட படையை வரவழைக்க வேண்டியிருந்தது. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா வந்தபோது அவனைச் சுற்றி நிற்க இளவரசர்கள் இல்லை, அவன் கொன்றிருந்தான். தப்பியோடும்போது பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு தஞ்சை உதவியோடு பறங்கியரை எதிர்த்துப் போரிட்டவர்களில் அதே மிக்கபிள்ளை ஆராச்சியும் இருந்தான். மண்மேல் பற்றில்லாதவனா அவன்? அரசன் தன்பக்கம் வைத்திருக்கத் தெரியாமல் இழந்த ஆள்.

என் தீர்ப்பு இது. இரண்டு சங்கிலிகளுக்கும் துணிவு இருந்தது, அடிபணிய மறுத்தார்கள், அது மதிக்கத்தக்கது. ஆனால் அவர்களுடைய பலக்கொள்கை அறத்தால் மட்டுமன்றிப் போர்க்கணக்காலும் தோற்ற கொள்கை. அரண்மனையில் செய்த ஒவ்வொரு கொலையும் பறங்கிக்கு ஒரு கூட்டாளியைத் தேடிக்கொடுத்தது. பீரங்கியின் வலிமை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பீரங்கிக்கு வழிகாட்ட உள்ளூரில் ஆள் கிடைத்ததற்குப் பீரங்கி காரணமல்ல.

பழங்கதையை இவ்வளவு கிளறுவதற்குக் காரணம் உண்டு. மன்னார்க் கொலைக்குப் பின் சங்கிலி பௌத்தச் சிங்களரை எல்லைக்கு அப்பால் விரட்டினான் என்றும் வைபவமாலை சொல்கிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோது அதே கணக்கு எங்கள் தெருவில் மறுபடி போடப்பட்டது. வாயைத் திறந்து தடுத்தவர்கள் மிகக் குறைவு. வாளை மட்டும் வணங்கப் பழகிய சமூகம் அந்த நேரத்தில் வேறென்ன செய்திருக்கும்?

இனிச் சங்கிலியை மேடையேற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். நஞ்சு கொடுத்த காட்சியில் தொடங்குங்கள். மன்னாரை வெட்டாமல் காட்டுங்கள். காக்கைவன்னியன் அதன்பிறகு வரட்டும்.