உருவேற்றமும் சித்தியும்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலையுச்சிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் பருவத்தில் இரவு இரவாக ஏறும் தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் சிலர், படிக்கொரு தரம் ‘சிவசிவ’ என்று முணுமுணுத்தபடியே போவார்கள். மூச்சிரைக்க இரைக்க மந்திரமும் மூச்சோடு சேர்ந்து நிதானப்படும். மந்திர சாதனையின் பலம் எதுவென்று கேட்டால் இந்தப் படிகளைத்தான் காட்டுவேன்.

2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. கத்தோலிக்கச் செபமாலையோ ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரமோ சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் சீராகி, இதயத்தின் இயக்கமும் அதோடு இசைந்தது. 23 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் பலன் விளைந்த இடம் சொல்பவரின் உடம்பு.

தந்திர நூல்கள் கேட்கும் உழைப்பு சாமானியமல்ல. புரச்சரண விதிப்படி மந்திரத்தின் எழுத்துக்கு ஒரு லட்சம் தரம் உருவேற்ற வேண்டும். 24 எழுத்துள்ள காயத்ரிக்கு 24 லட்சம். நாளுக்கு 1008 என்றாலும் ஆறரை வருடம். விடியமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடி, பொழுதுசாயக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு ஏது அந்த நேரம்? போதாததற்குப் பூணூல் அணிந்தவருக்கே காயத்ரி என்ற விதி வேறு. நுவரெலியாவில் காயத்ரி பீடம் அமைத்த முருகேசு சுவாமிகள் அந்த மந்திரத்தைப் பிறப்புப் பாராமல் கொடுத்ததை, மலையகத்தில் நடந்த பெரிய காரியமாகவே நான் மதிக்கிறேன்.

சித்தி எனப்படும் அற்புத ஆற்றலின் விஷயம் வேறு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டமாசித்திகளைப் பேசுகிறது. மந்திரத்தாலும் சித்தி வரும் என்று ஒப்புக்கொள்ளும் பதஞ்சலி, சமாதிக்கு அவை இடையூறு என்றும் எச்சரித்தார். தோட்டத்து லயத்துக்கு வந்துசேர்ந்தது அந்த எச்சரிக்கை அல்ல. வசியம், தம்பனம், உச்சாடனம், மாரணம் என்று அடுத்தவர்மேல் ஏவுகிற பட்டியல்தான் வந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. கொழும்புக் கடைக்குப் போன மகன் காசு அனுப்பவில்லை. ‘செய்வினை’ என்று ஒரு சொல் விழுந்ததும் தகடு, எலுமிச்சம்பழம், சேவல் என்று கடன் ஏறும். குணமானால் மந்திரம் வென்றது. ஆகாவிட்டால் எதிராளியின் மந்திரம் பலமானது, அல்லது விரதம் பிசகியது. எப்படி முடிந்தாலும் தோற்காத ஒன்றை எதை வைத்துச் சோதிப்பது? மந்திரம் குருமுகமாகவே வரவேண்டும் என்பதில் நியாயம் உண்டு: உச்சரிப்பைத் திருத்தவும், தடுமாறும் மனசைப் பிடித்து நிறுத்தவும் ஆள் வேண்டும். ஆனால் குருவிடம் மட்டுமே பெறும் அந்த இரகசியம் கேள்வி கேட்பவனின் வாயையும் அடைத்துவிடுகிறது.

ஆனால் செய்வினை எடுக்க வரும் கோடாங்கியை ஏமாற்றுக்காரர் என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரவு முழுக்க உடுக்கடித்து ஒரு குடும்பத்தின் துன்பத்தைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? பகலில் கங்காணியிடமும் புருசனிடமும் வாய்திறக்காதவள் அருள் வந்து ஆடும்போது எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள். விடிந்ததும் முகம் தெளிந்திருக்கிறது. அந்தத் தெளிவு உண்மை. அதைத் தந்தது யாருடைய சித்தியும் அல்ல, கேட்கக் காது கிடைத்ததுதான் என்பது என் எண்ணம். அதே இரவில், ‘செய்வினை வைத்தது யார்’ என்ற கேள்விக்குப் பக்கத்துக் காம்பராக்காரியின் பேர் வெளியே வருகிறதே, அங்கேதான் நான் முற்றாக முரண்படுகிறேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிக்க வேண்டியவர்கள்.