தோணி இல்லாத தோணி ஓவியம்

அரூப ஓவியம் என்றதும் நம்மில் சிலருக்கு ஒரு நிம்மதி. "உருவம் இல்லத்தானே, அப்ப பிரச்சினையும் இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். வேறு சிலர், "இதில என்னத்தக் கீறியிருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். இரு சாராரும் ஓவியத்தைப் பார்க்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். டெரி ஃப்ரொஸ்டின் 'துறைமேடை வழியே ஒரு நடை' (1950) என்ற ஓவியத்தை இங்கு எடுத்துக்கொள்வதும் அதனால்தான். அச்சுப்பிரதியில்தான் அதனைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரொஸ்ட் (1915–2003) இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு, ஜேர்மனிய முகாமில் இருந்தபோது ஓவியம் தீட்டத் தொடங்கியவர். போருக்குப் பின் இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையிலுள்ள செய்ன்ட் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊரில் வாழ்ந்தார். அங்கே கடல் வற்றும்போது துறைமுகத்துப் படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கும். பெருகும்போது எழுந்து ஆடும். துறைமேடையில் நடந்தபடி அவர் மேலிருந்து பார்த்தது இந்த ஆட்டத்தைத்தான்.

ஓவியம் நெட்டையானது, ஒடுங்கியது. தொடுவானம் இல்லை, பாய்மரமும் ஆளும் இல்லை. அரைவட்டங்களும் வளைவுகளும் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் கண் அவற்றின் வழியே ஏறும்போது அது ஒரு நடையாகிவிடுகிறது. இலக்கணப் பாஷையில் சொன்னால், 'படகு' என்ற பெயரைக் கழித்துவிட்டு 'ஆடுதல்' என்ற வினையை வைத்துக்கொண்டிருக்கிறார். இதுதான் இந்த ஓவியத்தின் வெற்றி.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இது கரையில் நடப்பவரின் கடல். அதே ஊரில் அல்பிரட் வொலிஸ் (1855–1942) என்ற கடலோடி இருந்தார். எழுபது வயதளவில், கிடைத்த அட்டைத் துண்டுகளில், படகுக்குப் பூசும் பெயின்றால் கீறத் தொடங்கினார். அவருக்கு எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். தூரம், கிட்ட என்ற கணக்கெல்லாம் இல்லை. 1928இல் பென் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வூட்டும் அவரைக் கண்டுகொண்டனர். நவீன ஓவியர்கள் அவரை மெச்சினார்கள். மனுசன் மௌத்தானதோ ஏழைகள் விடுதியில்.

வொலிஸின் படகில் அலையின் பயம் இருக்கிறது. ஃப்ரொஸ்டிடம் அது இல்லை. வலையின் பாரமும் வயிற்றுப்பாடும் இல்லை. இது அவருடைய எல்லை. பொய் என்று சொல்லமாட்டேன். தான் பார்த்ததற்கு மேல் ஒன்றையும் அவர் சேர்க்கவில்லை.

உருவம் இல்லாதிருப்பது ஓவியத்துக்குத் தனியே ஒரு தகுதியாகாது, குறையுமாகாது. எதைக் கழித்தார், கழித்த பின் எது மிஞ்சியது என்றே கேட்கவேண்டும். கழிப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்கவேணும். நமது கரையோர ஊர்களில் தூரிகை எடுக்கும் பிள்ளைகள் நாலு வளைவைக் கீறி 'கடல்' என்று பெயர் வைப்பதற்கு முன், தோணி எப்படி ஆடுகிறது என்று கொஞ்ச நாள் நின்று பார்க்கட்டும்.