மணிக்கொரு வேண்டுதல்: நகையும் மருட்கையும்

அமெரிக்க நாட்டில், பெருநிறுவனங்களின் வணிகநெறிக்குப் புறம்பே நின்று, நாட்டார் இசையின் எளிமையைத் தழுவிப் பாடுவோர் பலர். அவருள் நியூ ஜெர்சியைச் சார்ந்த டேனியல் ஸ்மித் என்பார் தம் உடன்பிறந்தாரொடு கூடி அமைத்த ‘டேனியல்சன்’ குடும்பக் குழு தனித்து நோக்கத்தக்கது. அதன் முதல் இசைத்தொகுப்பாகிய ‘எ பிரேயர் ஃபார் எவ்ரி அவர்’ (மணிக்கொரு வேண்டுதல்) 1995-இல் வெளிவந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திற் கலை பயின்ற ஸ்மித், தம் இறுதியாண்டு ஆய்வேடாக அளித்த படைப்பு இது என்பது ஆய்வுலகத்தார் கருதத்தக்கதாம்.

இதனைக் கேட்பார் முதற்கண் நகைப்பர். ஆடவர் ஒருவர் கீச்சென்னும் உச்சக் குரலிற் பாட, ஏனையோர் சிறார் குழுவினர் போல எதிர்குரல் கொடுக்கின்றனர். இது வெறும் விசித்திரமே என ஒதுக்குவாரும் உளர். அஃது அமையுமா என்பதே ஈண்டு எம் வினா.

இளமையும் பேதைமையும் நகைக்கு நிலைக்களனாதலையும், புதுமையும் சிறுமையும் மருட்கைக்கு நிலைக்களனாதலையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலால் அறிகின்றோம். இவ்விரண்டற்கும் இடையே கேட்போரை நடத்திச் செல்வதே இத்தொகுப்பின் ஆற்றல் என்பது எம் துணிபு. ஒரு நாளின் மணிக்கு ஒன்றாகப் பாடல்கள் இருபத்து நான்கு. இவ்வமைப்பை உணர்ந்த பின்னர், அக்குரல் நகைப்பிற்கு உரியதாகத் தோன்றாது. இறைமுன் தன்னைச் சிறுமகவாக்கிக் கொள்ளும் வேண்டுகுரலாகவே ஒலிக்கும். குழுவினர் மேடையில் அணிந்த செவிலியர் உடை நோய் தீர்த்தலையும், ஸ்மித் பூண்ட ஒன்பது கனி மரக்கோலம் கலாத்தியர் திருமுகம் கூறும் ஆவியின் கனிகளையும் குறித்தல், இக்கருத்திற்கு அரண் செய்யும்.

இவர்தம் தந்தையார் லென்னி ஸ்மித், ‘அவர் காட் ரெய்ன்ஸ்’ என்னும் வழிபாட்டுப் பாடலை இயற்றியவர். அது திருச்சபையினர் பலரும் ஒருங்கே பாடுதற்கு எளியது. மைந்தரோ தந்தையின் பத்திமையைப் போற்றிக்கொண்டு, பாடுமுறையைத் தாமே கண்டார். மரபைப் பேணுதலாவது முன்னோர் ஓசையை மீட்டும் ஒலித்தலே எனக் கருதுவார்க்கு இது தக்கதொரு விடையாகும்.

குறையும் இல்லாமலில்லை. உச்சக் குரல் ஓய்வின்றித் தொடர்தலாற் செவி சோர்கின்றது. எண்ணை நிறைத்தற்பொருட்டே அமைந்தன போலும் சில பாடல்களும் உள. எனினும், ஒரு குடும்பத்தார் தம் நம்பிக்கையைப் பிறர் நகைப்பிற்கு அஞ்சாது முன்வைத்த துணிவு, நகைத்தவரையும் நின்று கேட்கச் செய்கின்றது. விசித்திரம் என்னும் சொல் திறனாய்வின் தொடக்கமாகலாம், முடிபாகாது.