கேடயமாக நிறுத்தப்பட்டோர்: வால்சரின் நூலும் நமது ஃபிக்ஹும்

அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் 'நீதியான போர்களும் அநீதியான போர்களும்' என்னும் நூலை 1977இல் வெளியிட்டார். வியட்நாம் போரை எதிர்த்த தலைமுறையின் மனக்கொதிப்பிலிருந்து பிறந்த நூல் அது. நம்மவருள் சிலர் அதனைப் படிக்காமலேயே, மேற்குலகம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் முயற்சி என்று ஒதுக்கிவிடுகின்றனர். அது முறையன்று.

'இரட்டை விளைவு' என்னும் பழைய கிறித்தவக் கோட்பாட்டை வால்சர் திருத்தியமைக்கும் இடமே நூலின் வலிமையான பகுதி. படை இலக்கைத் தாக்கும்போது குடிமக்கள் இறப்பர் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அச்சாவை நாடாதிருந்து, விளையும் கேடு பயனை விஞ்சாதிருந்தால் குற்றமில்லை என்பது பழைய கோட்பாடு. இது போதாது என்கிறார் வால்சர். அவர்களைக் காப்பதற்காகப் படைவீரன் தன் உயிருக்கு நேரும் ஆபத்தையும் ஓரளவு ஏற்றாக வேண்டும் என்பது அவர் நிபந்தனை. 1991 பிப்ரவரி 13 அன்று பக்தாதின் ஆமிரிய்யா பதுங்கிடத்தில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் நானூறுக்கும் மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். அதனைப் படைக் கட்டளை மையம் என்றே கருதினோம் என்றது அமெரிக்கா. நிய்யத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். உள்ளே இருப்போர் யாரென அறிய என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று வால்சரின் அளவுகோல் கேட்கும்.

ஆயினும் அதே நூலில் 'உச்ச நெருக்கடி' என்றோர் அத்தியாயமும் உண்டு. நாஜிகளின் வெற்றி நெருங்குவதாகத் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் ஜெர்மானிய நகரங்கள் மீது பிரிட்டன் குண்டு வீசியதை அவர் அதில் அனுமதிக்கிறார். 1945இன் டிரெஸ்டன், ஹிரோஷிமா தாக்குதல்களை அவர் கண்டிப்பது உண்மையே. எனினும் நெருக்கடி உச்சத்தை எட்டிவிட்டதெனத் தீர்ப்பளிப்பவர் குண்டை வைத்திருப்பவரே என்பதற்கு அவரிடம் நிறைவான விடையில்லை.

இங்கே நம் வாசகர் பெருமிதம் கொள்ள வேண்டியதில்லை. நமது ஃபிக்ஹிலும் இதே வாசல் உண்டு. எதிரி அப்பாவிகளைக் கேடயமாக நிறுத்தும் 'தத்தர்ருஸ்' நிலை பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முஸ்தஸ்ஃபா'வில் மூன்று நிபந்தனைகள் விதிக்கிறார்கள்: தவிர்க்க முடியாமை, ஐயமின்மை, முழுச் சமுதாயத்தையும் தழுவும் ஆபத்து. ஒரு கோட்டையைப் பிடிப்பது இந்நிபந்தனைகளுள் அடங்காது என்றும் தெளிவாக்குகிறார்கள். அத்தகைய நுண்மையான சட்டத்தையே அல்காயிதாவின் எழுத்தாளர்கள் தங்கள் குண்டுவெடிப்புகளில் மாண்ட பொதுமக்கள் விஷயத்தில் ஆதாரமாகக் காட்டினர். நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இதனினும் சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கஸ்ஸாலியின் கேடயம் முஸ்லிம் கைதி. இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தைக் காட்டி அம்பெய்வதைத் தடுத்ததும் முஸ்லிம் பிள்ளைகளுக்காகவே. எதிரியின் பெண்டு பிள்ளைகள் கேடயமாவதும் நூல்களில் பேசப்பட்டுள்ளது. எனினும் கடுமையான நிபந்தனைகள் முஸ்லிமின் உயிரை முன்னிறுத்தியே வகுக்கப்பட்டன.

இஸ்ரேலியப் படைக்கென ஆசா காஷரும் ஆமோஸ் யத்லினும் வகுத்த கோட்பாடு, எதிர்த்தரப்புக் குடிமக்களின் உயிரைவிடத் தம் வீரரின் உயிரை முன்வைத்தது. வால்சரும் அவிஷாய் மர்கலித்தும் 2009இல் அதனை மறுத்தனர். எதிர்த்தரப்பினரிடையே உள்ள குடிமக்கள் உங்கள் சொந்தக் குடிமக்களாக இருந்தால் எப்படி நடப்பீர்களோ, அப்படியே நடக்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அவ்ஸாயீயின் தயக்கத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தால் கிடைப்பதும் இதுவே.

அவ்வாறு விரிக்க இடமுண்டா? ரபாஹ் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸுனன் அபூதாவூதில் உள்ளது. போர்க்களத்தில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண் எதிரித் தரப்பினள். நபி (ஸல்) அவர்கள் அதனை வெறுத்து, முன்னணிப் படைக்குத் தலைமை தாங்கிய காலித் (ரலி) அவர்களுக்கு ஆளனுப்பித் தடுத்தார்கள். அவள் போரிடவில்லை என்பதே சுட்டப்பட்ட காரணம். அவளது மார்க்கம் பேச்சில் வரவில்லை. இரவுத் தாக்குதலில் பெண்களும் பிள்ளைகளும் அகப்படுவது குறித்த ஸஃபு இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்பை எதிர்வாதமாக முன்வைப்போர் உண்டு. அதே ஸுனனில், பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வதற்கான தடை அதற்குப் பின்னரே வந்தது என இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) சொல்லியிருப்பதும் அவ்வறிவிப்பை அடுத்தே பதிவாகியுள்ளது. வகுப்பில் நாமும் பல ஆண்டுகள் முதல் அறிவிப்பை விளக்கிவிட்டு, ஸுஹ்ரீயின் சொல்லை வாசித்த மாத்திரத்தில் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.